இன்று காலை முதல் புது விதி

அல்லிக்குளம் வற்றி, வெடித்துப்போனது. அங்கே இருந்த ஆமை வயிறு நிறைய முட்டைகளோடு ஊர்ந்து ஊர்ந்து பக்கத்து ஏரிக்கு வந்து சேர்ந்தது. முட்டையிட ஏற்ற ஈர மணல் ஏரிக்கு உள்ளேதான் இருந்தது. வெளியே கட்டாந்தரை. அங்கே இட்டால் கீரிக்குத்தான் விருந்து.

மடை வாசலில் நண்டு காவல் இருந்தது. யாரை உள்ளே விடலாம் என்று விதி போடுவதும் அதுதான்.

"நண்டண்ணே, வழி விடுங்க. முட்டை போட்டாகணும்."

"உன் குளத்திலிருந்து ஒரு சாட்சியைக் கூட்டிட்டு வா. அதுதான் விதி."

"குளமே இல்லையே அண்ணே, சாட்சிக்கு நான் எங்கே போவேன்?"

"அது உன் பாடு."

ஏரியில் வழக்கு என்றால் எருமைதான் நீதிபதி. அது மேய வெளியே வந்தபோது ஆமை மறித்து முறையிட்டது. எருமை நியாயமானதுதான். ஆனால் எதையும் அசை போட்டுத்தான் சொல்லும். ஆமை வயிற்றுப் பாரத்தோடு வெயிலில் காத்துக் கிடந்தது.

கடைசியில் எருமை வாய் திறந்தது. "வற்றின குளத்திலிருந்து சாட்சி கேட்கிறது தப்பு. நண்டு உன்னை உள்ளே விடணும்."

ஆமை மடைக்கு ஓடியது. ஓட்டம் என்றால் ஆமையால் முடிந்த ஓட்டம்.

நண்டு நகரவில்லை. "அது நேற்றைய விதி. இன்று காலை முதல், வீடு இல்லாதவங்களுக்குத்தான் அடைக்கலம். நீதான் வீட்டை முதுகிலேயே தூக்கிட்டு வந்திருக்கியே!"

ஆமைக்கு வந்த ஆத்திரம் கொஞ்சநஞ்சமல்ல. இதைக் கழற்றி வைக்க முடியுமா, வாடகைக்கு விட முடியுமா? மறுபடி எருமை. மறுபடி அசை. இந்த முறை தாங்க முடியாமல் ஒரு முட்டை கட்டாந்தரையிலேயே விழுந்துவிட்டது. கீரி வந்து தின்றுவிட்டு வாயைத் துடைத்துக்கொண்டு போனது.

"ஓடு வீடு இல்லை, அவ உடம்பு" என்று எருமை மடை வாசலுக்கே வந்து தீர்ப்புச் சொன்னது.

நண்டு கொடுக்கை ஆட்டியது. "அப்படியா சங்கதி? இந்த நிமிஷம் முதல் புது விதி. முதுகில் ஓடு இருக்கிற யாருக்கும் ஏரியில் இடம் கிடையாது!"

ஆமைக்குச் சலித்துவிட்டது. "ஐயா, நான் ஜெயிச்சு ஜெயிச்சே வாசல்ல செத்துப்போவேன் போல. என் வழக்கை விடுங்க. இந்த விதியை மட்டும் அப்படியே நடத்திடுங்க" என்றது எருமையிடம்.

எருமை முதல் தடவையாக அசை போடாமல் பேசியது. "சரி. நண்டே, வெளியே போ."

"நானா? நான் எதுக்கு?"

"உன் முதுகைத் தட்டிப் பார்."

நண்டு கொடுக்கால் தட்டியது. டொக்கென்றது. பின்னால் ஏரியிலிருந்த நத்தைகள் கத்தின. "பாவி, எங்களுக்கும் சேர்த்தா உலை வச்சே?"

"ஐயா, விதியை மாத்திடறேன்" என்று நண்டு பதறியது.

"மாத்து. ஆனா எந்த விதியும் இனி வர்றவங்களுக்குத்தான். ஏற்கெனவே வந்தவங்களுக்கு அவங்க வந்த நாளின் விதி. ஆமை வந்த நாளின் விதியை நான் தப்புன்னு தள்ளியாச்சு. இதை நான் முதல்லயே சொல்லியிருக்கணும். ஒரு முட்டை போச்சு" என்றது எருமை.

நண்டு பக்கவாட்டில் ஒதுங்கியது. ஆமை அதைத் திரும்பிக்கூடப் பார்க்காமல் உள்ளே போய் ஈர மணலைத் தோண்டத் தொடங்கியது.

அடுத்தவரைத் தடுப்பதற்காகவே நினைத்தபோதெல்லாம் விதியை மாற்றுகிறவர், ஒரு நாள் அந்த விதியில் தாமே மாட்டிக்கொள்வார்.