மீன்தொட்டிக்கு எழுதியது

"நான் எதையுமே தொடல மேடம். நேத்து பில்டு ஆச்சு. இன்னைக்கு ஆகல."

தணிகைவேலுக்கு உட்காரவே முடியவில்லை. மாவட்டத்து ஆம்புலன்ஸ்கள் எல்லாம் அன்று மாலை ஐந்து மணிக்கு அவன் எழுதிய மென்பொருளுக்கு மாறப்போகின்றன. எழுதியதை ஓடும் மென்பொருளாக ஆக்குகிற பில்டே நடக்கவில்லை.

பிரிசில்லா அவனைவிட வயதில் சின்னவள். ஆனால் அந்த அலுவலகத்தில் அவளிடம்தான் எல்லோரும் போய் நிற்பார்கள். அவள் எழுந்து வந்து அவன் கணினியின் நெட் கேபிளைப் பிடுங்கினாள்.

"இப்ப பில்டு பண்ணுங்க."

இப்போது முன்னைவிடச் சீக்கிரமாகவே நின்றுபோனது. திரை முழுக்க, கிடைக்கவில்லை என்று வரிசையாகப் பெயர்கள். யார் யாரோ எழுதி, வேண்டியவர் எடுத்துக்கொள்ளட்டும் என்று இணையத்தில் வைத்த குட்டி நிரல்கள், பேக்கேஜ்கள். ஒவ்வொரு பில்டுக்கும் எது புதிதோ அதை எடுத்துக்கொள் என்று எழுதிவைத்தவன் அவனேதான்.

கேபிளை அவன் கையில் கொடுத்துவிட்டு அவள் டீ குடிக்கப் போய்விட்டாள். இதற்கு இவளிடம் வந்திருக்கவே வேண்டாம் என்று அவனுக்கு எரிச்சலாக வந்தது.

கேபிளை மாட்டித் தேடினான். இரண்டு நேரங்களுக்கு இடையில் எவ்வளவு போனது என்று கணக்குப் போடும் ஒரு குட்டிப் பேக்கேஜ். நேற்று அதை யாரோ மாற்றியிருக்கிறார்கள், பில்டு நின்றது அதனால்தான். எழுதியவர் நாகர்கோவில்காரர், பெயர் சேவியர். நம்பரும் இருந்தது.

போன் போட்டுக் கத்தினான். ஆம்புலன்ஸ் என்றான், உயிர் என்றான், பொறுப்பு வேண்டாமா என்றான்.

"எதுக்குண்ணே சத்தம் போடுதிய? அது எங்க வீட்டு மீன்தொட்டிக்கு எழுதினது. உங்கள யாரு எடுக்கச் சொன்னா?"

தணிகைவேலுக்கு முகம் சுட்டது. போனை வைத்துவிட்டான்.

பிறகு மளமளவென்று வேலை பார்த்தான். அந்தப் பேக்கேஜின் பழைய பதிப்பைத் தேடிப் பிடித்தான். மற்றவற்றையும் இறக்கித் தன் கணினியிலேயே வைத்துக்கொண்டான். இனி எவன் எதை மாற்றினாலும் தனக்கென்ன என்று கேபிளைத் தானே பிடுங்கி, பில்டு பண்ணினான்.

ஆனது.

மணி நாலரை. பிரிசில்லாவைக் கூப்பிட்டுக் காட்டினான். யாரோ வீட்டு மீன்தொட்டிக்கு எழுதியதாம், பழசையே பூட்டி வைத்துவிட்டேன், இனி ஆடாது, அசையாது என்றான். கொஞ்சம் பெருமையாகவே சொன்னான்.

அவள் திரையைப் பார்த்தாள். கேபிளைப் பார்த்தாள்.

"மீன் எப்படி இருக்காம்?"

கேலி செய்கிறாள் என்று நினைத்தான். அவள் சிரிக்கவில்லை, நகரவும் இல்லை. வேறு வழியில்லாமல் மறுபடி போன் போட்டான். முதலில் கத்தியதற்கு மன்னிப்புக் கேட்டுவிட்டு, மீன் எப்படி இருக்கிறது என்று விசாரித்தான்.

"ரெண்டு செத்துப்போச்சுண்ணே. ராத்திரி பன்னெண்டு மணி தாண்டுனா பழசுல கணக்கு தப்பிரும். தீனியே விழல. அதான் நேத்து மாத்துனேன்."

தணிகைவேல் போனை வைத்தான். நள்ளிரவுக்கு இரண்டு நிமிடம் இருக்கும்போது கூப்பிடுகிற யாரோ ஒருவரை நினைத்துக்கொண்டான்.

ஆம்புலன்ஸ் அலுவலகத்துக்குப் போன் போட்டு, இன்று மாற வேண்டாம் என்றான். அங்கே எல்லாம் தயாராக இருந்தது. பில்டு ஆகவில்லையா என்று கோபமாகக் கேட்டார்கள்.

"ஆயிடுச்சு சார். உள்ள மத்தவங்க எழுதினத நான் இன்னும் படிக்கல."