வெறும் கிண்ணத்தின் எடை

மங்கையர்க்கரசி தள்ளிய வேகத்தில் ஆய்வகக் கதவு சுவரில் மோதித் திரும்பி வந்தது. நாற்பத்து மூன்று வயதில் வேதியியல் ஆராய்ச்சிக்குத் திரும்பி வந்தவளுக்கு அன்று வந்த கோபத்துக்கு, கதவு தப்பியதே பெரிது.

உள்ளே அவளுடைய வழிகாட்டி ஜெசிந்தா தராசைத் துடைத்துக்கொண்டிருந்தாள். மங்கையைவிட ஐந்து வயது சின்னவள். ஒரு காலத்தில் இதே ஆய்வகத்தில் மங்கையின் பின்னாலேயே சுற்றிய ஜூனியர். இன்று அவள் குரு, இவள் சிஷ்யை. காலம் நம்மைக் கேட்டுக்கொண்டா வரிசையை மாற்றுகிறது?

"மேடம், என் பதிவை ரத்து பண்ணிடுங்க."

"இங்க யாரும் இல்லக்கா. மேடம்லாம் வேண்டாம். உக்காருங்க."

"உக்கார வரல. காலைல என்னைக் கேள்வி கேட்ட குழுவுல நீயும்தானே இருந்த? 'நடுவுல பதினாறு வருஷம் காலியா இருக்கே, என்ன பண்ணீங்க'ன்னு அந்தாளு கேக்கறான். முதல் வருஷப் பசங்களோட உக்காந்து அடிப்படையிலேர்ந்து படிக்கணுமாம். தங்கப் பதக்கம் வாங்கினவ நான்! என்னை ஜீரோவாக்கிட்டாங்க. நீ வாயே திறக்கல."

சொல்லும்போதே குரல் உடைந்தது. அதற்கும் சேர்த்துக் கோபம் வந்தது.

"நீங்க பேசுவீங்கன்னு காத்துக்கிட்டு இருந்தேன். அவர் கேட்டதுக்கு என்ன பதில் சொன்னீங்க?"

"என்னத்தைச் சொல்ல? வீட்ல சும்மா இருந்தேன்னு சொன்னேன்."

சும்மா இருந்த லட்சணம் ஜெசிந்தாவுக்குத் தெரியும். சிறுநீரகம் கெட்டுப்போன கணவருக்குத் தண்ணீரை டம்ளரில் அளந்து கொடுத்தவள் மங்கை. காய்கறியை வேகவைத்து வடித்துப் பொட்டாசியத்தைக் குறைத்தவள். ரத்தப் பரிசோதனையின் எண்களைப் பார்த்து மறுநாள் சமையலையே மாற்றுவாள். டாக்டர் வைத்த கெடுவையெல்லாம் தாண்டி அவரை உயிரோடு வைத்திருந்தாள். போன வருடம்தான் அவர் போனார்.

ஜெசிந்தா மின்தராசில் ஒரு கண்ணாடிக் கிண்ணத்தை வைத்தாள். எண்கள் ஓடி, முப்பத்திரண்டு கிராமில் நின்றன.

"அடுத்து என்ன செய்யணும்க்கா?"

"விளையாடறியா?"

"சொல்லுங்க. எனக்கு இதைச் சொல்லிக்கொடுத்ததே நீங்கதான்."

"ஜீரோ பட்டனை அழுத்தணும். அப்பதான் உள்ள போடற பொருளோட எடை மட்டும் தெரியும்."

ஜெசிந்தா அழுத்தினாள். தராசு பூஜ்யம் காட்டியது.

"கிண்ணம் எங்க போச்சு?"

"எங்க போகும்? அங்கேயேதான் இருக்கு."

"இப்ப அதை எடுங்க."

மங்கை வெடுக்கென்று எடுத்தாள். அதே முப்பத்திரண்டு, இப்போது முன்னால் ஒரு கழித்தல் குறியோடு வந்து நின்றது.

"மைனஸ்ல போகுது. போகத்தானே செய்யும்? அந்தாளு என்னை ஜீரோவாக்கினதுக்கும் இதுக்கும் என்னடி சம்பந்தம்?"

ஜெசிந்தாவுக்கும் கோபம் வந்துவிட்டது. காலையிலிருந்து அடக்கி வைத்திருந்த கோபம்.

"அவர் பட்டனைத்தான் அழுத்தினார்க்கா. 'சும்மா இருந்தேன்'னு சொல்லிக் கிண்ணத்தைத் தூக்கினது நீங்க."

கிண்ணம் மங்கையர்க்கரசியின் கையிலேயே இருந்தது.