நெய்யுருண்டைக்கு எறும்பு சாட்சி

கத்திரி வெயில் தொடங்கியதும் எறும்புகள் வீட்டுக்குள் குடியேறிவிடும். அதனால்தான் கோமளவல்லி அம்மாள், ஊரிலிருந்து வரப்போகும் மருமகனுக்காகப் பிடித்த நெய்யுருண்டை டப்பாவைத் தண்ணீர்த் தட்டின் நடுவில் வைத்திருந்தாள். காலையில் திறந்தால் டப்பா பாதி காலி.

அவள் கணவர் ஆடியபாதம், ஓய்வுபெற்ற தாசில்தார். பாத்திரம் தேய்க்கும் செல்லக்கிளியைக் கூடத்தில் நிறுத்தினார். வேறு யாரை நிறுத்துவார்?

"தண்ணியைத் தாண்டி எறும்பு ஏறாது. எடுத்தது நீதான்!"

"சத்தியமா நான் தொடலைங்கய்யா."

"சாட்சி இருந்தா இப்பவே கொண்டா. இல்லேன்னா போலீஸ்தான்."

திருட்டுப் பட்டம் விழுந்தால் இந்தத் தெருவில் எந்த வீட்டிலும் வேலை கிடைக்காது. குனிந்து தரையையே பார்த்த செல்லக்கிளி சட்டென்று நிமிர்ந்தாள்.

"ஐயா சொல்றது சரிதான். டப்பாகிட்ட ஒரு எறும்பு இல்ல. என் பையிலயும் இல்ல, பாருங்க." துணிப்பையை உதறிக் காட்டினாள். "அப்போ இந்தச் சுவரோரமா சாரை சாரையா எங்கே போகுதுங்கம்மா?"

அம்மாள் எறும்பு வரிசையைத் தொடர்ந்து போனாள். அது சுவரேறி, ஆணியில் தொங்கிய ஐயாவின் ஜிப்பா பாக்கெட்டுக்குள் நுழைந்தது. பாக்கெட்டை வெளியே இழுத்தாள். எறும்போடு நெய்யுருண்டைத் தூளும் உதிர்ந்தது.

"சர்க்கரை வியாதிக்காரர் பண்ற வேலையா இது?"

தாசில்தார் விசிறியைத் தேடினார்.

"சாட்சிங்க வந்துட்டாங்கய்யா" என்றாள் செல்லக்கிளி. "போலீஸை எப்போ கூப்பிடுறீங்க?"