நடுவில் மட்டும் எதிர்ச்சுற்று

“அலுத்துப் போச்சு சார்,” என்றாள் பவளக்கொடி.

மலைமேலிருந்த அந்த வானாய்வகத்தில் அவளுடைய ஆய்வு வழிகாட்டி கனியமுதன். வயதில் அவளுக்கு இளையவர்.

“எது மேடம்?”

“இந்த கேலக்ஸிதான்.”

எப்போதோ இரண்டு விண்மீன் திரள்களாக இருந்து, மோதி ஒன்றாகிப்போனது அது. அதன் விண்மீன்கள் எந்தப் பக்கம் ஓடுகின்றன என்று அளப்பதுதான் அவள் வேலை. வெளியே எல்லாம் ஒரு பக்கமாகச் சுற்றின. நடுவில் ஒரு கூட்டம் மட்டும் எதிர்ப்பக்கமாகச் சுற்றியது. மறுபடி மறுபடி கணக்குப் போட்டாள். மாறவில்லை.

“நடுவை எடுத்துட்டு மீதியை மட்டும் எழுதிடலாம்னு இருக்கேன்.”

“எடுத்தா?”

“படம் நேராயிடும்.”

“கேலக்ஸி?”

அவள் கண்ணைத் தேய்த்துக்கொண்டாள்.

“வீட்ல ஏதாவதா?”

வீட்டில் தேன்மொழி. கணவரின் முதல் தாரத்து மகள். தன் அம்மா இருந்தபோது சாப்பிட்ட நேரத்தில்தான் இன்னமும் சாப்பிடுவாள், தனியாக.

“காலைல கண்டிப்பா சொல்லிட்டேன். இனிமே எல்லாரும் சேர்ந்து உக்காந்தாத்தான் சோறுன்னு.”

“என்ன சொன்னா?”

“பையை எடுத்துக்கிட்டு அவ பெரியம்மா வீட்டுக்குப் போயிட்டா.”

கனியமுதன் சன்னலைப் பார்த்தார். வெளியே பிற்பகல் மழை பிடித்திருந்தது.

“ரெண்டு திரளும் மோதினப்ப எத்தனை விண்மீன் இடிச்சுக்கிட்டுது?”

“அநேகமா ஒண்ணுகூட இல்லை சார். நடுவுல அவ்வளவு வெட்டவெளி. வெறும் ஈர்ப்புதான். அதுலயே எல்லாத்தோட பாதையும் மாறிடுது.”

“முன்னாடி என்ன வடிவம்?”

“ரெண்டும் தட்டு மாதிரி இருந்திருக்கும். சுருள் சுருளா கையோட. இப்ப வெறும் உருண்டை. பழைய அடையாளம் ஒண்ணும் மிச்சமில்லை.”

“ஒண்ணுமா?”

அவள் திரையைப் பார்த்தாள்.

“அந்த நடு மட்டும் பழைய ஓட்டத்தை விடலை.”

“ம்.”

“அதான் கேக்கறேன் சார். இது எப்பத்தான் அடங்கும்?”

“இது அடங்கிப் பல நூறு கோடி வருஷம் ஆச்சு மேடம்.”

பவளக்கொடி கைப்பேசியை எடுத்துக்கொண்டு தாழ்வாரத்துக்குப் போனாள்.

“தேனு, ராத்திரிக்கு உனக்குத் தனியா எடுத்து மூடி வைக்கட்டுமா?”