நரியாக நடித்த முயல்

இலுப்பைக் காட்டில் இரண்டு வக்கீல்கள் எதிரெதிரே தொழில் நடத்தினார்கள். புதரோரத்தில் முள்ளம்பன்றி செங்கமலம், பாறைமேல் நரியார்.

செங்கமலத்திடம் வேலை பார்த்தது முயல் பூவாயி. பாவம், நாலு பேரைக் கண்டாலே அதற்கு நாக்கு ஒட்டிக்கொள்ளும். ஆனால் செங்கமலம் விட்டால்தானே! ஒவ்வொரு வழக்குக்கும் முன்னால் சாயங்காலம் ஒத்திகை. செங்கமலம் ஒரு கட்சி, பூவாயி எதிர்க்கட்சி. நரியாரைப் போலவே பேசிக் காட்ட வேண்டும். தப்பினால் மறுபடி முதலிலிருந்து!

நரியார் பாறைமேலிருந்து கேலி பேசுவார். “வேலை செய்யறவளை வச்சு நாடகம் போடுறாங்களாம்! என் மரநாயைப் பாருங்க. நண்டு பிடிச்சுட்டு வரும், வாலால விசிறிவிடும். வாதமெல்லாம் என் மண்டைக்குள்ள பத்திரமா இருக்கு. கத்துக் கொடுத்தா நாளைக்கு நமக்கே போட்டியா வந்து நிக்கும்!”

அந்தக் கோடையில் ஆமைகளின் குளம் தங்களுடையது என்று காட்டுப்பன்றிகள் கிளம்பின. கரை மணலில் ஆமை முட்டைகள் புதைந்து கிடந்தன. பன்றிகள் அங்கே புரண்டால் முட்டை அத்தனையும் கூழ்தான்! ஆமைகள் அழுதுகொண்டே செங்கமலத்திடம் வந்தன. பன்றிகள் நரியாரைப் பிடித்தன.

வழக்கு நாள் விடிந்தது. பூவாயி வந்து பார்த்தால், செங்கமலத்தின் வளை வாயில் ஒரு பெரிய கல்! நரியாரின் வேலை, வேறென்ன?

உள்ளேயிருந்து குரல் மட்டும் வந்தது. “பூவாயி, நீ போ! சபையில சிங்கராஜா கூப்பிடும்போது நம்ம பக்கம் யாரும் எழுந்திருக்கலேன்னா வழக்கு தோத்துப்போயிடும்!”

“அம்மா, நானா?”

“ஒத்திகையில நரி நீதானே! அவர் வித்தையெல்லாம் உனக்கு அத்துப்படி. ஓடு!”

சபையில் பூவாயி ஆமைகளுக்குப் பின்னால் பதுங்கிக்கொண்டது. நரியார் எழுந்து தொண்டையைக் கனைத்தார். அவ்வளவுதான், பயம் பறந்துவிட்டது. அதே கனைப்பைப் பூவாயி எத்தனை சாயங்காலம் கனைத்திருக்கிறது!

“மகாராஜா, முதல்ல உங்க பிடரியைப் புகழ்வார், பாருங்க!” என்றது.

“பொன்னான பிடரி கொண்ட...” என்று ஆரம்பித்த நரியார் திகைத்து நின்றார்.

“அடுத்தது கண்ணீர்!”

வழிந்த கண்ணீரை நரியார் அவசரமாகத் துடைத்தார். சபை கொல்லென்று சிரித்தது.

“அப்புறம் பொய்ச்சாட்சி!”

நரியார் பேசி வைத்திருந்த காக்காய் அதற்குள் கிளையில் வந்து உட்கார்ந்துவிட்டது. “இருபது வருஷமா பன்றிங்க அங்க புரள்றதை என் கண்ணால பாக்குறேன்!”

“அப்படியாண்ணே! நீங்க முட்டையை விட்டு வெளிய வந்தது எப்போ?”

“போன சித்திரையில!” என்று பெருமையாகச் சொன்ன காக்காய், சட்டென்று அலகை மூடிக்கொண்டது. சிங்கராஜா வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தார்.

நரியார் மரநாயிடம் திரும்பிச் சீறினார். “நீயாவது ஏதாவது பேசித் தொலையேன்!”

மரநாய் திருதிருவென்று விழித்தது. “நண்டு கொண்டு வரட்டுமா, ஐயா?”

“குளம் ஆமைகளுக்கே!” என்று கர்ஜித்தார் சிங்கராஜா.

ஆமைகள் ஒன்றாகச் சேர்ந்து முதுகைக் கொடுத்துக் கல்லைத் தள்ளின. செங்கமலம் முள்ளைச் சிலுப்பிக்கொண்டு வெளியே வந்தார்.

“அம்மா, ஜெயிச்சுட்டோம்!” என்று துள்ளியது பூவாயி. “இனிமே ஒத்திகைக்கு மரநாயும் வருதாம்!”

அன்று முதல் நரியார் தன் நண்டைத் தானே பிடித்துக்கொண்டார்.

தன்னோடு உழைப்பவருக்குத் தொழிலைக் கற்றுக்கொடுப்பவருக்கு ஆபத்தில் துணை கிடைக்கும். வித்தையைப் பூட்டி வைப்பவர் தனியாகத்தான் நிற்க வேண்டும்.