மடத்துக்கு விளக்கு வந்த அந்தி

“தண்ணி வீணாப் போகுதும்மா” என்றார் தீர்த்தகிரி.

“எங்கே போகுது?” என்று கேட்டாள் குழந்தையம்மை.

“கீழே, ஆத்துக்கு.”

“அங்கே யாராவது வேண்டாம்னு சொல்றாங்களா?”

அவர் சிரித்தார். அவள் அவருடைய குரு. அவரைவிட வயதில் மிக இளையவள். பிறவியிலேயே பார்வை இல்லாதவள். அவரோ வேலைக்காலம் முழுவதும் அணைகளோடும் மின்சாரத்தோடும் வாழ்ந்துவிட்டு, மனம் அடங்க வேண்டி இந்த மலைமடத்துக்கு வந்தவர்.

மனம் அடங்கவில்லை. ஓடையைப் பார்க்கும்போதெல்லாம் கை பரபரத்தது.

“தண்ணி போகட்டும்மா. அதோட வேகம் வீணாகுதே. குழாயில இறக்கி ஒரு சக்கரத்தைச் சுத்தவிட்டா, மடம் முழுக்க விளக்கு எரியும்.”

“எனக்கு எதுக்குய்யா விளக்கு?”

சமையற்கட்டிலிருந்து தெய்வானை தலையை நீட்டினாள்.

“உங்களுக்கு வேண்டாம்தான். நான் இருட்டுல மிளகுன்னு நினைச்சுப் பூச்சியை அள்ளிப் போட்டா, அப்புறம் திட்டக் கூடாது.”

குரு தீர்த்தகிரியின் பக்கம் திரும்பினாள்.

“அப்போ செய்யுங்க.”

மழைக்காலம் முடிவதற்குள் வேலை முடிந்தது. ஓர் அந்தியில் அவர் வால்வைத் திறக்க, மேல்பாறையில் ஓடை மொத்தமும் ஒரு கறுப்புக் குழாய்க்குள் இறங்கியது. அடியில் சக்கரம் சுழன்றது. பல்புகள் ஒவ்வொன்றாகப் பூத்தன. மலை ஏதோ கனவில் கண் திறந்தது போலிருந்தது.

தெய்வானை மிளகை உள்ளங்கையில் கொட்டிப் பார்த்துப் பார்த்துச் சிரித்தாள்.

தீர்த்தகிரி குருவிடம் சொல்ல ஓடினார். அவள் இல்லை.

அந்திதோறும் அவள் ஓடையோரமாகவே இறங்கி, கீழே சுனையில் குளித்துவிட்டு வருவாள். கையில் கோல் கிடையாது. துணை கிடையாது. பாதையின் ஒரு பக்கம் பள்ளம். ஒருநாளும் கால் தவறியதில்லை.

அன்று இன்னும் திரும்பவில்லை.

அவர் இறங்கிப் போனார். பாதை நெடுக அவர் போட்ட பல்புகள். வளைவில் அவள் நின்றிருந்தாள். ஈரப் புடவை. தலைக்கு மேல் பல்பு. அதைச் சுற்றி ஈசல்.

இன்னும் ஓரடி வைத்தால் பள்ளம்.

“அம்மா, அசையாதீங்க!”

“அசையலையே. அதனாலதான் நிக்கிறேன்.”

அவர் அவள் கையைப் பிடித்தார். அது குளிர்ந்திருந்தது.

“விளக்கு எரியுதாய்யா?”

“எரியுது.”

“தெய்வானை சந்தோஷமா இருக்காளா?”

“இருக்கா. நீங்க ஏம்மா இங்கேயே நின்னுட்டீங்க?”

“திடீர்னு இருட்டிடுச்சு.”

அவர் பல்பை அண்ணாந்து பார்த்தார். பிறகு ஓடையைப் பார்த்தார். உலர்ந்த பாறைகள். ஒன்றிடமிருந்தும் சத்தமில்லை.

அவளை ஒரு கல்லில் உட்காரவைத்துவிட்டு மூச்சிரைக்க மேலே ஏறினார். குழாயின் வால்வை மூடினார்.

பல்புகள் சிவந்தன. அணைந்தன.

குழாய்க்குள் போக வழியில்லாத தண்ணீர் பாறைமேல் பெருகியது. முதலில் ஒரு முணுமுணுப்பு. பிறகு பாறைக்குப் பாறை வேறு வேறு குரலில் பேசிக்கொண்டே இறங்கியது.

அவர் இருட்டில் தடவித் தடவி வந்தபோது கல் வெறுமையாக இருந்தது.

“பார்த்து வாங்கய்யா” என்றது மேலே மடத்துப் பக்கமிருந்து அவள் குரல். இருட்டில் எப்போது அவரைக் கடந்து போனாளோ! “இடப்பக்கம் பள்ளம்.”

மறுநாள் அந்தியில் சமையற்கட்டில் மட்டும் ஒரு பல்பு எரிந்தது. மங்கலாக, மஞ்சளாக.

“என்னங்கய்யா இது?” என்றாள் தெய்வானை. “மிளகு தெரியுது, சரி. அவ்வளவு பெரிய ஓடைக்கு இத்தனூண்டு வெளிச்சமா? மீதியெல்லாம் எங்கே?”

தீர்த்தகிரி சன்னலுக்கு வெளியே காதைத் திருப்பினார். ஓடை பேசிக்கொண்டிருந்தது; அதையொட்டி குரு சுனையிலிருந்து ஏறி வந்துகொண்டிருந்தாள்.

“அங்கே எரியுது” என்றார்.