மூன்றாவது தூண்

“அம்மா, எனக்குப் பயமா இருக்குதுங்க” என்றார் அர்த்தநாரி.

வேலாத்தாள் அவரைக்காய்க்கு நார் உரித்துக்கொண்டிருந்தார். நிமிரவில்லை.

“உக்காருங்க. எதுக்குப் பயம்?”

“நாளைக்கு அக்கரையில சந்தை. மேல அணையில மதகைத் தொறக்கப் போறாங்க. விடிஞ்சா ஆறு ரொம்பிப் போயிரும். அத்தனை சனமும் பரிசல்ல ஏறும்.”

“பாலம் கட்டுனீங்களே?”

“அதுல ஒருத்தரும் கால் வைக்க மாட்டேங்கறாங்க.”

அர்த்தநாரிதான் அந்தப் பாலத்தைக் கட்டிய இன்ஜினியர். வயது ஐம்பத்தேழு. அவருடைய குரு வேலாத்தாளுக்கு நாற்பத்தொன்று. இவ்வளவு பெரிய மனிதர் ஆற்றங்கரை மடத்துக்கு வந்து அந்த அம்மாள் முன்னால் கைகட்டி உட்காருவதைப் பார்த்து ஊரில் சிரிக்கிறவர்கள் உண்டு. பதினோரு வருடமாக அந்தச் சிரிப்பை அவர் சட்டை செய்ததில்லை.

நான்கு வருடங்களுக்கு முன்னால் இதே போல வெள்ளம் வந்த ஒரு நாளில் பரிசல் கவிழ்ந்து ஆறு பேர் போனார்கள். அதனால்தான் பாலமே வந்தது. திறந்து மூன்று வாரம் ஆகிறது. ஆடு மாடு போகிறது. நாய் போகிறது. மனிதர்கள் பரிசலில் போகிறார்கள்.

“சுங்கம் அதிகமோ?”

“சுங்கத்தையே எடுத்துப்போட்டோமுங்க. சும்மா போங்கன்னு சொல்லியாச்சு.”

“பரிசலை நிறுத்திப் பாக்கறது.”

“நிறுத்துனா இருட்டுல திருட்டுத்தனமாப் போவாங்க. அது இன்னும் மோசம்.”

வேலாத்தாள் ஒரு காயைத் திருப்பிப் பார்த்தார். பூச்சி இருந்தது. தூக்கிப் போட்டார்.

“கட்டறதுக்கு முன்னால சனங்களைக் கேட்டீங்களா?”

“ஆயிரத்து நானூறு பேரைக் கேட்டோமுங்க. வீடு வீடாப் போய். பாலம் வந்தா போவீங்களான்னு. அத்தனை பேரும் போவோம்னாங்க.”

“ஜீப்புல போனீங்களா?”

“ஆமாங்க.”

“தாசில்தாரும் வந்தாரா?”

“வந்தாருங்க.”

“காப்பி குடுத்தாங்களா?”

“குடுத்தாங்க.”

வேலாத்தாள் சிரித்தார். “வாசல்ல வந்து நிக்கற அதிகாரிகிட்ட மாட்டேன்னு சொல்ற ஊரா நம்ம ஊரு?”

அர்த்தநாரி சட்டைப் பையிலிருந்து நாலாக மடித்த ஒரு தாளை எடுத்தார். பாலத்துக்கு என்னென்ன ஆபத்து வரலாம், வந்தால் யார் பொறுப்பு என்று போட்ட பட்டியல். திட்டம் தொடங்கும்போது எல்லோரும் ஒரு மேசையைச் சுற்றி உட்கார்ந்து போட்டது. அந்த மேசையில் ஒரு வழக்கம் உண்டு. ஒவ்வொரு ஆபத்தையும் அவரவர் பக்கத்து நாற்காலிக்குத் தள்ளிவிடுவார்கள். கடைசியில் யார் ஏமாந்து உட்கார்ந்திருக்கிறாரோ அவர் பெயர் ஏறும்.

“வாசிங்க” என்றார் வேலாத்தாள்.

“சிமெண்டு வர லேட்டானா, கான்ட்ராக்டர். பெருவெள்ளத்துல சேதமானா, இன்சூரன்ஸ். ஆள் நடமாட்டம் கம்மியானா, பஞ்சாயத்து…”

வாசித்துக்கொண்டே வந்தவர் ஓரிடத்தில் ஒரு வரியைத் தாண்டினார்.

“அதை விட்டுப்போட்டீங்க” என்றார் வேலாத்தாள், தாளை எட்டிப் பார்த்து.

“மூணாவது தூண். அடிமண்.”

“பொறுப்பு யாரு?”

“கண்காணிப்பில் உள்ளதுன்னு போட்டிருக்குதுங்க.”

“அப்படின்னா?”

அர்த்தநாரி விரலால் அந்த வரியைத் தொட்டார். “தோண்டறப்போ அங்க மட்டும் மண் இளக்கமா இருந்துச்சுங்க. இன்னும் ஆழமாப் போயி அடி போட்டோம். மணல் லாரி ரெண்டைக் கொண்டுபோய் ஒரு நாள் முழுக்க நிறுத்திப் பாத்தோம். அசையலை. கணக்குல நிக்குதுங்க.”

“மனசுல?”

அவர் தாளை மறுபடி நாலாக மடித்தார்.

“யார்கிட்டச் சொன்னீங்க?”

“சொல்லலைங்க. சொன்னா யாரு அதுல போவா?”

வேலாத்தாள் அவரைக்காய் முறத்தை எடுத்துக்கொண்டு எழுந்தார். “வாங்க” என்றார்.

பரிசல்துறை பாலத்தை ஒட்டியே இருந்தது. ஆறு அதற்குள் செம்மண் நிறத்துக்கு மாறியிருந்தது. வெள்ளம் வருவதற்குள் மூட்டைகளை அக்கரை சேர்த்துவிட வேண்டும் என்று நாற்பது பேர் துறையில் முண்டிக்கொண்டிருந்தார்கள்.

வேலாத்தாள் பாலத்தில் ஏறினார். முறம் இடுப்பில். முதல் தூணைத் தாண்டினார். இரண்டாவதைத் தாண்டினார். மூன்றாவது தூணுக்கு நேர்மேலே வந்ததும் சம்மணம் போட்டு உட்கார்ந்து காயை உரிக்கத் தொடங்கினார்.

பின்னாலேயே போன அர்த்தநாரிக்குப் பாதி வழியில் கால் நின்றுவிட்டது. கீழே தண்ணீர் தூணில் மோதித் திரும்பும் சத்தம் கேட்டது. எதை எதையோ நினைத்தார். கணக்கை நினைத்தார். லாரிகளை நினைத்தார். ஒன்றும் உதவவில்லை.

“அம்மா! அங்க உக்காராதீங்க! எந்திரிச்சு வந்துருங்க!”

துறையில் இருந்த நாற்பது தலைகளும் திரும்பின.

அர்த்தநாரிக்கு அவமானமாக இருந்தது. பயம் அதையும் விழுங்கிவிட்டது. தட்டுத்தடுமாறிக் கரைக்கு இறங்கி வந்தார். பரிசல்காரர் பொங்கியண்ணன் துடுப்பை ஊன்றிக்கொண்டு நின்றார். அவர் முகத்தில் கேலி இல்லை.

“ஏனுங்க பொங்கியண்ணா, என் பயம் முன்னாலயே எல்லாருக்கும் தெரியுமா?”

“என்னன்னு தெரியாதுங்க. தினமும் காலையில எங்களுக்குக் காட்டறதுக்குன்னே பாலத்துல நடந்து போறீங்கல்ல? இப்ப அம்மா உக்காந்திருக்கற எடம் வந்தா மட்டும் உங்க நடை வேகமாயிருது. மூணு வாரமாப் பாத்துட்டுதான் இருக்கறோம்.”

 

அர்த்தநாரி சொல்லத் தொடங்கினார். இளகிய மண்ணைச் சொன்னார். தோண்டிய ஆழத்தைச் சொன்னார். லாரிகளைச் சொன்னார். வெள்ளம் ஓர் அளவுக்கு மேல் ஏறி அடிமண்ணை அரித்தால் என்ன ஆகும் என்று தனக்கே உறுதியாகத் தெரியாது என்பதையும் சொன்னார்.  சொல்லி முடித்தபோது வேலை போய்விட்டது என்றே நினைத்தார். இனி ஒரு காக்காய்கூட அந்தப் பாலத்தில் உட்காராது என்று நினைத்தார்.

வெங்காயக் கூடையோடு நின்றிருந்த நாச்சக்கா முன்னால் வந்தாள். நான்கு வருடங்களுக்கு முன் போன ஆறு பேரில் ஒருவன் அவள் புருசன்.

“எவ்வளவு தண்ணி வரைக்கும் தாங்கும்?”

“தூண்ல மஞ்சக் கோடு ஒண்ணு போட்டிருக்குது பாருங்க. அது வரைக்கும் தாங்குமுங்க. இப்ப அஞ்சடி கீழ ஓடுது. கோட்டுக்கு ஒரு முழம் கீழ வந்தாலே நானே நின்னு பாலத்தை மூடிப்போடறேன்.”

அவள் ஆற்றைப் பார்த்தாள். பரிசலைப் பார்த்தாள். நடுப்பாலத்தில் காய் உரித்துக்கொண்டிருந்த வேலாத்தாளைப் பார்த்தாள். கூடையைத் தூக்கித் தலையில் வைத்துக்கொண்டாள்.

“சரி. நீங்க முன்னால நடங்க” என்றாள். “மெதுவா நடங்க.”